கொரோலாவின் டிக்கியில் ஸ்பாய்லர்: துளை போடுவதா, டேப் ஒட்டுவதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் இருக்கும் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வைத்திருப்பது கொரோலா குவெஸ்ட் செடான். ஆன்லைனில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் (டிக்கியின் மேல் மாட்டும், காற்றைத் திருப்பும் பட்டை) ஒன்று வாங்கியிருக்கிறார். அது இரண்டு முனையிலும் காலூன்றி நடுவில் உயர்ந்து நிற்கும் வகை. பிரைமர் மட்டும் அடித்து வந்திருக்கிறது. பெட்டிக்குள் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் ஒரு சுருளும் நாலு போல்ட்டும் இருக்கின்றன, எப்படி மாட்டுவது என்று ஒரு வரி கூட இல்லை. "டிக்கியில் துளை போட மனசே வரவில்லை அண்ணா, டேப் மட்டும் போதுமா? துளை போட்டால் துரு பிடிக்குமா? வீட்டு வாசலில் வைத்து நானே செய்யலாமா?" என்கிறார். மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: நல்லா இருக்கிற காரை நானே கை வைத்துக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் டிங்கர் பட்டறையில் தொழில் கற்றவன். டர்பன் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் டிங்கரிங் என்பதை இங்கே பேனல் பீட்டிங் என்கிறார்கள், வேலை அதேதான். தகடு, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு), பெயிண்ட் இந்த மூன்றைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல முடியும். காற்று எப்படிப் பாய்கிறது என்பது என் படிப்பு இல்லை, அதில் பொதுவாகத் தெரிந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் காரையும் நான் நேரில் பார்க்கவில்லை. முன்பு இடிபட்டு டிக்கியில் பட்டி போட்டிருந்தால் கீழே சொல்வதில் சில விஷயங்கள் மாறும். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி டிக்கியின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் துளையும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். முதலில் யாரிடமாவது காட்டுங்கள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: நீங்கள் வாங்கியிருக்கும் வகைக்கு டேப் மட்டும் போதாது. டிக்கியின் விளிம்போடு முழு நீளத்துக்கும் படிந்து உட்காரும் மெல்லிய உதடு மாதிரி ஸ்பாய்லர்களுக்கு நல்ல டேப் மட்டுமே போதும். ஒட்டும் பரப்பு அதிகம், எடை குறைவு, காற்று அடியில் புகுந்து தூக்க இடமில்லை. காலூன்றி நிற்கும் வகையில் எல்லாமே தலைகீழ். மொத்தப் பாரமும் உள்ளங்கை அளவு இரண்டு கால்களில் இறங்குகிறது. காற்று நடுப்பகுதியைப் பிடித்து இழுக்கும்போது கால்கள் நெம்புகோல் மாதிரி வேலை செய்து டேப்பை ஓரத்திலிருந்து உரிக்கும். நேராக இழுத்தால் தாங்குகிற டேப், உரித்தால் தாங்காது. வீட்டில் ஒட்டிய கொக்கியை நாம் எப்படி எடுப்போம்? ஓரத்தில் நகத்தை விட்டுத்தானே. எனவே போல்ட் அவசியம். டேப்பையும் கூடவே போடுங்கள், அது கால் அடியில் மெத்தையாக இருந்து அதிர்வையும் தண்ணீரையும் தடுக்கும்.

ஒரு முறை என்3 சாலையில் பைன்டவுனுக்கு அருகே ஸ்பாய்லரைப் பறிகொடுத்துவிட்டு ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்தார். பொருள் புல்லில் விழுந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எடுத்துக் கொண்டுவந்திருந்தார். பார்த்தால் டேப் முழுதாக ஸ்பாய்லரோடு இருக்கிறது, டிக்கி பெயிண்டில் அதன் தடயம் கூட இல்லை. டேப் பலவீனமாக இருந்திருந்தால் பாதி இங்கே பாதி அங்கே என்று கிழிந்திருக்கும். சுத்தமாக ஒரு பக்கம் மட்டும் கழன்றது என்றால் ஒட்டியதே பெயிண்டில் இல்லை, அதன் மேலிருந்த மெழுகில். முந்தின நாள்தான் காரைக் கழுவி மெழுகு பாலிஷ் போட்டாராம். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் நானும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம். வேலையை வீட்டில் செய்யாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த இடத்தில் கவனம் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த ஸ்பாய்லர் காருக்கு என்ன நன்மை செய்யும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் இருப்பது 60ல் நான்கில் ஒரு பங்குதான் இருக்கும். அதிவேகத்தில் ஸ்பாய்லர் உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு ஆடி டிடி நல்ல சாட்சி. 1998ல் அது வந்தபோது பின்னால் ஸ்பாய்லர் இல்லை. ஜெர்மனியின் ஆட்டோபானில் மிகுந்த வேகத்தில் பின்பக்கம் லேசாகி விபத்துகள் நடந்தன. பிறகு நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்து, ஸ்பாய்லரும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் பொருத்திக் கொடுத்தது. ஆனால் அது காற்றுச் சுரங்கத்தில் வைத்து அந்தக் காருக்கென்றே அளந்து செய்த பொருள். இங்கே நெடுஞ்சாலையின் எல்லையே 120. கொரோலா முன்சக்கரத்தால் ஓடும் கார், பின்னால் அழுத்தம் கூடுவதால் முன்சக்கரங்களின் இழுவை அதிகமாகாது. உங்களுக்கு இது அழகுக்காக. அதில் தப்பே இல்லை, நமக்குப் பிடித்த மாதிரி கார் நிற்பதைப் பார்ப்பது சந்தோஷம்தான். விளம்பரத்தில் போடும் "பெட்ரோல் மிச்சமாகும்" என்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஒரு காருக்கு மிச்சமாவது இன்னொன்றுக்குக் கூடுதல் செலவாகும், அந்தந்தக் காரில் அளந்தால்தான் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். பெயிண்டுக்கு முன்னால், ஸ்பாய்லரை அப்படியே டிக்கியில் வைத்துப் பாருங்கள். காலின் அடி டிக்கியின் வளைவோடு ஒட்டி உட்காருகிறதா, இல்லை ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? ஒரு தாளை அடியில் நுழைத்துச் சுற்றி வாருங்கள். தாள் புகும் இடமெல்லாம் பின்னால் தண்ணீர் புகும் இடம். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை டேப்பின் நுரை சரிக்கட்டும். மூன்று மில்லிமீட்டர் என்றால் போல்ட்டை இறுக்கி உட்கார வைக்க முயல வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இறுக்கினால் வளைவது பிளாஸ்டிக் இல்லை, டிக்கியின் தகடு. வெயிலில் பார்க்கும்போது காலைச் சுற்றி ஒரு பள்ளம் மினுங்கும், அதை எடுக்க ஸ்பாய்லர் விலையை விட அதிகம் ஆகும். பெயிண்ட் அடித்துவிட்டால் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள் என்பதால்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்.

பெயிண்டை மட்டும் ஒரு பட்டறையில் கொடுப்பது நல்லது. பெயிண்ட் நிறத்தின் குறியீட்டு எண் காரின் அடையாளத் தகட்டில் இருக்கும். ஆனால் வெயிலில் வருஷக்கணக்காக நின்ற காருக்கு, எண் சரியாக இருந்தாலும் நிறம் ஒரு சாயல் வித்தியாசப்படும். பெயிண்டர் கண்ணால் பார்த்துச் சரிசெய்வார். டர்பன் கோடைக் காலத்துப் புழுக்கத்தில் வாசலில் வைத்து ஸ்பிரே அடித்தால் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் பளபளப்புப் பூச்சு) பால் படிந்த மாதிரி வெளுத்துப்போக வாய்ப்பு உண்டு. மழை குறைந்த மே முதல் ஆகஸ்ட் வரை இந்த வேலைக்கு நல்ல காலம், மாட்டுவதற்கும் அதுவே. பெயிண்ட் அடித்து வந்ததும் அன்றே மாட்டாதீர்கள். புதுப் பெயிண்டிலிருந்து தின்னர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அது டேப்பின் பிடியைக் கெடுக்கும். எத்தனை நாள் என்று பெயிண்டரையே கேளுங்கள். பட்டறை அடுப்பில் சூடேற்றிக் காயவைத்தது சீக்கிரம் தயாராகும், காற்றில் காய்ந்ததற்கு வாரக்கணக்கு ஆகும்.

இனி துளை. டிக்கிக்கு இரண்டு தகடு உண்டு: வெளித்தகடு ஒன்று, உள்ளே எலும்புக்கூடு மாதிரி இன்னொன்று, நடுவில் வெற்றிடம். பெரும்பாலான ஸ்பாய்லர்களில் காலுக்குள் பித்தளை மரை பதித்திருப்பார்கள். போல்ட் டிக்கிக்குள்ளிருந்து மேல்நோக்கிப் போகும். நீங்கள் துளை போடும் இடத்துக்கு நேர் கீழே உள்தகட்டில் இயற்கையாகவே திறப்பு இருந்தால் அதிர்ஷ்டம், சாக்கெட் ஸ்பேனரை அதன் வழியாக விட்டு வெளித்தகட்டில் மட்டும் வாசர் வைத்து இறுக்கலாம். திறப்பு இல்லாமல் இரண்டு தகட்டையும் சேர்த்துத் துளைத்து போல்ட்டை இறுக்கினால், நடுவிலிருக்கும் வெற்றிடம் நசுங்கி வெளித்தகடு குழிந்துவிடும். அப்போது உள்தகட்டின் துளையை மட்டும் சாக்கெட் நுழையும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் சரியான உயரத்துக்கு வெட்டிய சின்னக் குழாய்த் துண்டு ஒன்றை வைக்க வேண்டும். எனவே டிரில்லைக் கையில் எடுக்கும் முன் டிக்கியின் உள் கம்பளத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, வயர்கள் எந்த வழியாகப் போகின்றன, உள்தகடு எங்கே வருகிறது என்று பாருங்கள். இந்த அரை மணி நேரம்தான் முழு வேலையிலும் முக்கியமானது.

இடம் குறிக்கும்போது டிக்கியின் மேல் மாஸ்கிங் டேப்பை அகலமாக ஒட்டி, அதன் மேல் பென்சிலால் குறியுங்கள். இரண்டு முனையிலிருந்தும் டிக்கியின் ஓரம் வரை அளவுகோலால் அளந்து பாருங்கள், பின் விளிம்பிலிருந்தும் அளங்கள். அப்புறம் பத்தடி பின்னால் தள்ளி நின்று வெறும் கண்ணால் பாருங்கள், வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவுகோல் சரி என்று சொல்லியும் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால் நம்பர் பிளேட்டோ எழுத்துச் சின்னமோ நடுவில் இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட நேரத்தில் நான் கண்ணை நம்புவேன், தெருவில் பார்ப்பவர்களும் கண்ணால்தானே பார்க்கப் போகிறார்கள். காலின் மரைத் துளைகளைத் தாளில் அச்செடுத்து, அந்தத் தாளை டிக்கியில் ஒட்டிக் குறித்தால் தவறாது.

குறித்த புள்ளியில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் மெல்ல ஒரு தட்டு, ஆழமாக வேண்டாம். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5, கடைசியில் தேவையான அளவு. எம்6 போல்ட் (6 மி.மீ. தடிமன்) என்றால் ஒரு துளை மட்டும் 6.5 மி.மீ. இருக்கட்டும், மற்ற மூன்றும் 8 அல்லது 9 மி.மீ. இருக்கட்டும். ஏன் என்று கேட்பீர்கள். பிளாஸ்டிக் வெயிலில் நீளும். ஏபிஎஸ் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.08 மி.மீ. நீளும், இரும்புத் தகடு 0.012 மி.மீ.தான் நீளும். 1.2 மீட்டர் ஸ்பாய்லர் காலைக் குளிரிலிருந்து மதிய வெயிலில் 40 டிகிரி சூடேறினால், தகட்டை விட 3 மி.மீட்டருக்கு மேல் அதிகம் நீளப் பார்க்கும். கறுப்பு நிறம் என்றால் அவ்வளவு சூடாவது சாதாரணம். எல்லாத் துளையையும் இறுக்கமாக வைத்தால் அந்த மூன்று மில்லிமீட்டருக்குப் போக இடமில்லாமல் பிளாஸ்டிக் நடுவில் உப்பும், இல்லை கால் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். ஒரு கால் நிலையாக, மற்றவை கொஞ்சம் நகர இடத்தோடு, பெரிய வாசரால் மூடி: இப்படித்தான் மாட்ட வேண்டும்.

பிட்டின் நுனிக்கு மேலே சில மில்லிமீட்டர் விட்டு டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே பாய்ந்து எதையும் குத்தாமல் இருக்கும். துளைக்கும்போது சுருள்சுருளாக இரும்புத் தூள் விழும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் மறக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சுருள் பெயிண்டின் மேலோ டிக்கியின் பள்ளத்திலோ தங்கினால், இந்தக் கடற்காற்றில் ஓரிரு நாளில் அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம் வரும். கார் துருப்பிடிக்கிறது என்று பதறி வருவார்கள், விரலில் எடுத்துப் பார்த்தால் தூள்தான் துருப்பிடித்திருக்கும். ஆனால் விட்டுவைத்தால் அது பெயிண்டுக்குள்ளும் இறங்கும். துடைக்காதீர்கள், துடைத்தால் கீறல் விழும். வேக்கம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள், பிறகு காந்தத்தை வைத்துப் பள்ளங்களில் தேடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. துளை போட்டால் துரு பிடிக்குமா? துளையால் பிடிப்பதில்லை, மூடாமல் விட்ட விளிம்பால்தான் பிடிக்கிறது. கார் தொழிற்சாலையிலேயே டிக்கியில் பூட்டுக்கும் விளக்குக்கும் எத்தனையோ துளை போடுகிறார்கள், ஆனால் பெயிண்டுக்கு முன்னால் போடுகிறார்கள். நாம் பின்னால் போடுவதால் விளிம்பு வெறும் இரும்பாக நிற்கிறது. அரத்தால் அல்லது பெரிய பிட்டைக் கையால் சுழற்றிப் பிசிறை எடுங்கள், ஆல்கஹாலால் துடையுங்கள், துத்தநாகப் பிரைமரைச் சின்னத் தூரிகையால் துளையின் உள்சுவர், மேல் பக்கம், கீழ்ப் பக்கம் மூன்றிலும் தடவுங்கள். காய்ந்ததும் டச்-அப் பெயிண்ட் இரண்டு முறை. கீழ்ப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள், துரு அநேகமாக அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மொத்தமே ஒரு மணி நேர வேலை, பெரும்பகுதி காயக் காத்திருப்பது.

தண்ணீர் புகாமல் அடைக்கப் பயன்படுத்தும் பொருளிலும் கவனம் வேண்டும். குளியலறைக்கு அடிக்கும் சிலிக்கானில் ஒரு வகை வினிகர் மாதிரி வாசனை அடிக்கும். அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடுகிறது, அந்த அமிலம் வெறும் தகட்டை அரிக்கும். எங்களிடம் ஒரு கார் வந்தது, டிக்கியில் நாற்றம் என்று. ஸ்டெப்னி பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஜாக்கி முழுக்கத் துரு. ஸ்பாய்லரைக் கழற்றியபோது அடைப்புக்குக் கீழே துளையைச் சுற்றித் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இரண்டு வருஷம் கூட ஆகவில்லை. போட்டவர் தாராளமாகத்தான் போட்டிருந்தார், போட்ட பொருள்தான் தப்பு. நியூட்ரல் என்று எழுதியிருக்கும் சிலிக்கானோ, காருக்கான பாலியூரித்தேன் சீலன்டோ வாங்குங்கள். பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை வைத்துத்தான் காய்கிறது, அதனால் டர்பன் புழுக்கம் அதற்குத் தடையில்லை. ஆனால் தடவும் இடம் மட்டும் உலர்ந்திருக்க வேண்டும்.

ஒட்டும் இடத்தை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து துடையுங்கள். மெழுகோ செராமிக் கோட்டிங்கோ இருந்தால் ஆல்கஹால் மட்டும் போதாது, அந்த இடத்தில் மட்டும் மெழுகில்லாத தேய்ப்புப் பாலிஷால் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டால் இன்னும் ஏதோ படலம் இருக்கிறது, பரவி நின்றால் சரி. பெட்டியில் வந்த டேப்பை நான் பயன்படுத்த மாட்டேன். நல்ல அக்ரிலிக் ஃபோம் டேப் தனியாக வாங்குங்கள், விலை பெரிதில்லை. தகடு 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது ஒட்டுங்கள், குளிர்காலம் என்றால் மதியம் செய்யுங்கள். கையால் நன்றாக அழுத்த வேண்டும், இந்த டேப் அழுத்தத்தில்தான் பிடிக்கும். 20 நிமிஷத்தில் பாதிப் பிடிப்பு வரும், ஒரு நாளில் தொண்ணூறு சதவீதம், முழுசாக மூன்று நாள். அந்த மூன்று நாளும் காரைக் கழுவாதீர்கள், என்2 நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள்.

போல்ட்டின் நீளத்தை மறக்காமல் பாருங்கள். மரைக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று ஒரு தீக்குச்சியை விட்டு அளந்து, தகடும் வாசரும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நீளம் அதிகமானால் போல்ட் நுனி ஸ்பாய்லரின் மேல்பரப்பில் முண்டு மாதிரி தள்ளிக்கொண்டு நிற்கும். இறுக்குவதற்குச் சின்ன ஸ்பேனர் போதும். பித்தளை மரை பிளாஸ்டிக்கில்தான் பதிந்திருக்கிறது, முரட்டுத்தனமாக இறுக்கினால் மரையே சுழல ஆரம்பிக்கும். அப்புறம் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. போல்ட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் ஸ்பாய்லரில் பிரேக் விளக்கு இருந்தால் அதன் வயரை டிக்கிக்குள் கொண்டுபோகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் ஓரத்தை மூடும் வளையம்) கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தகட்டின் ஓரம் வயரைச் சீவும், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஃபியூஸ் போகும். விளக்கு இல்லாத ஸ்பாய்லர் என்றால், பின்கண்ணாடிக்குள் இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கை அது மறைக்கிறதா என்று காருக்குப் பின்னால் நின்று பாருங்கள். மறைத்தால் மாட்டாதீர்கள், பின்னால் வருபவருக்கு முதலில் தெரிவது அந்த விளக்குதான். டிக்கியைத் திறந்து கையை எடுத்துப் பார்க்கவும் வேண்டும். முன்பு தானாக நின்றது இப்போது கூடுதல் எடையால் மெல்லக் கீழே இறங்கினால் தலையில் விழும். அதைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளில் பயங்கரமான இழுவிசை இருக்கும், அதை மட்டும் வீட்டில் கை வைக்காமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பி, ஸ்பாய்லர் மாட்டியிருக்கிறேன் என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், பின்னால் இழப்பீடு கேட்கும்போது அதையே காரணமாகச் சொல்லி மறுக்க இடம் கொடுக்கிறோம். என்னைப் பார்க்க வருபவர்களில் பலர் இதைச் செய்வதில்லை, ஐந்து நிமிஷ வேலை.

மாட்டி மூன்று நாள் கழித்து ஹோஸ் பைப்பால் ஸ்பாய்லரின் கால்களைச் சுற்றிப் பத்து நிமிஷம் தண்ணீர் அடியுங்கள். பிறகு டிக்கியை மெதுவாகத் திறந்து, நாலு போல்ட்டையும் சுற்றி ஒரு வெள்ளை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். தாள் நனையவில்லை என்றால் கம்பளத்தைத் திரும்பப் போடலாம். ஒரு துளியாவது இருந்தால் அந்தப் போல்ட்டை மட்டும் கழற்றி, காயவைத்து, சீலன்ட் புதிதாகத் தடவுங்கள். இரண்டு வாரம் ஓட்டியபின் ஸ்பேனரால் ஒரு முறை போல்ட்டுகளைத் தொட்டுப் பாருங்கள், டேப்பின் நுரை அமுங்கியதால் அவை ஏறக்குறைய கால்வாசிச் சுற்று தளர்ந்திருக்கும்.

துளை போடும் முன் டிக்கியின் உள்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள் தம்பி. உள்தகடு எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.